மனித மனம் இயந்திரத்தினும் மேம்பட்டதென்று தருக்கவியல் நிறுவுகின்றதா?

சந்திரகிரியிலிருந்து சித்தூர் செல்லும் வழியில் காதங்கி என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள தேசிய வளிமண்டல ஆராய்ச்சி நிலையத்தின் பெரிய ராடார், 1,024 ஏரியல்களை ஒரு பரப்பில் நிரையாக நிறுத்தி, 53 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுள்ள வானொலி அலைகளை மேல்நோக்கிச் செலுத்துவது. உயரத்தில் காற்றில் தோன்றும் கலக்கங்களில் பட்டு, மிக நலிந்த எதிரொலி திரும்பி வருகின்றது. அதன் அதிர்வெண் எவ்வளவு மாறியுள்ளது என்பதைக் கொண்டு கணிப்பொறி காற்றின் வேகத்தைக் கணக்கிடுகின்றது. இவ்வகைக் கருவிகள் எங்கு இருப்பினும், விமானத்தின் எதிரொலியோ மலைச்சரிவின் எதிரொலியோ இடையே கலந்துவிடுவது உண்டு. கைப்பழக்கமுள்ள பணியாளர் திரையைப் பார்த்த அளவிலேயே அது காற்றன்று என்று சொல்லிவிடுவார். தனக்கிட்ட விதியன்றி வேறறியாத இயந்திரமோ அதனையும் காற்றென்றே கணக்கில் சேர்த்துவிடும்.

விதிக்கு அடங்காத ஏதோ ஒன்றை மனித மனம் காண்கின்றது என்ற எண்ணம் இத்தகைய அனுபவங்களிலிருந்தே பிறக்கின்றது. ஆனால், பணியாளர் எதனைக் கண்டு அவ்வாறு கூறினார் என்பதை ஆராய்ந்து, அதனையும் ஒரு விதியாக எழுதிக் கணிப்பொறிக்குத் தந்துவிட்டால், அடுத்த முறை இயந்திரமும் அதனை விலக்கிவிடும். ஆகவே அனுபவம் இவ்வழக்கைத் தீர்ப்பதில்லை; எல்லைக்கோடு நகர்ந்துகொண்டே போகின்றது. கணிதத்தின் துணைகொண்டு இதனை ஒரே முறையில் தீர்த்துவிட முடியும் என்று கருதிய அறிஞர்கள் சிலர் உண்டு. 1931ஆம் ஆண்டில் குர்ட் கோடெல் வெளியிட்ட தேற்றமே அவர்களுடைய ஆயுதம். அவ்வாதம் சரியானால், இன்றுள்ள இயந்திரத்திற்கு மட்டுமன்று, இனி வரப்போகும் எல்லா இயந்திரங்களுக்கும் மனிதன் மேற்பட்டவன் என்பது தேற்றமாகிவிடும். 2024ஆம் ஆண்டில் அகில உலகக் கணித ஒலிம்பியாட் வினாக்களுக்கு ஒரு கணிப்பொறி அமைப்பு வெள்ளிப் பதக்கத்திற்குரிய மதிப்பெண் பெறும் அளவிற்கு விடை எழுதியது. அது முதல் இக்கேள்வி வகுப்பறைகளிலும் எழுகின்றது. ஆசிரியர் கூறும் விடை மாணவர் மனத்தில் நெடுநாள் நிற்குமாதலால், வாதத்தை அதன் அடிவரை சென்று பார்த்தல் நலம்.

எண்கள் தம்மைப் பற்றியே பேசுதல்

கணிதத்தில் ஒரு முறைமை என்பது சில அடிகோள்களும், அவற்றிலிருந்து முடிவுகளைப் பெறுதற்குரிய விதிகளும் சேர்ந்தது. யூக்ளிடின் வடிவகணிதம் இதற்குப் பழைய எடுத்துக்காட்டு. விதிகள் ஐயமின்றி எழுதப்பட்டிருக்குமாயின், ஒரு நிரூபணம் சரியா தவறா என்பதை இயந்திரமே வரிவரியாகச் சோதித்துவிடலாம். எண்கணிதத்திற்கு அமைந்த அத்தகைய முறைமையைக் கோடெல் எடுத்துக்கொண்டு, அதன் வாக்கியங்களை எல்லாம் எண்களாக மாற்றினார்.

இதனைச் சிறிய அளவில் எவரும் செய்து பார்க்கலாம். 0 என்னும் குறிக்கு 1 என்றும், = என்னும் குறிக்கு 2 என்றும், 'அடுத்த எண்' என்பதைக் குறிக்கும் 'அ' என்னும் எழுத்திற்கு 3 என்றும் இலக்கமிடுக. 'அ0' என்றால் 0க்கு அடுத்த எண், அதாவது 1. இனி ஒரு வாக்கியத்தின் குறிகளை வரிசையாக எடுத்து, 2, 3, 5, 7 என்னும் பகா எண்களின் மேல் அவற்றின் இலக்கங்களை அடுக்குகளாக இட்டுப் பெருக்கவேண்டும். '0 = 0' என்பது 2 × 3² × 5, அதாவது 90 ஆகும். 90 என்ற எண்ணைக் கொடுத்தால், அதனைப் பகாக் காரணிகளாகப் பிரித்து மீண்டும் '0 = 0' என்பதைப் பெற்றுவிடலாம். ஒவ்வோர் எண்ணையும் ஒரே ஒரு வகையில்தான் பகாக் காரணிகளாகப் பிரிக்க முடியும் என்ற பள்ளிப் பாடமே இங்குக் காவலாக நிற்கின்றது. 'அ0 = 0', அதாவது 'ஒன்று சுழிக்குச் சமம்' என்ற பொய் வாக்கியம், 2³ × 3 × 5² × 7 = 4200 ஆகும். இந்த 4200 பின்னர் வேண்டியிருக்கும்.

வாக்கியங்கள் எண்களானபின், 'இன்ன வாக்கியம் நிரூபிக்கத் தக்கது' என்பதும் ஓர் எண்ணைப் பற்றிய கூற்றாகிவிடுகின்றது. இவ்வழியே கோடெல், 'இவ்வாக்கியத்திற்கு இம்முறைமையில் நிரூபணம் இல்லை' என்று தன்னைப் பற்றியே கூறும் வாக்கியம் ஒன்றை எண்கணிதத்தினுள்ளேயே அமைத்தார். முறைமை முரணற்றதாயின் அவ்வாக்கியத்தை அதனுள் நிரூபிக்க இயலாது. நிரூபிக்க இயலாதென்பதுதானே அவ்வாக்கியத்தின் பொருள். ஆகவே அது உண்மை. இது முதல் தேற்றம். முரணற்ற முறைமை தன் முரணின்மையைத் தன்னுள்ளேயே நிரூபிக்க இயலாது என்பது இரண்டாவது. முரண்பட்ட முறைமையில் எதனையும் நிரூபித்துவிடலாம்; எனவே முரணின்மை என்பது, மேலே கண்ட கணக்கில், 4200 என்ற எண்ணுள்ள வாக்கியத்திற்கு நிரூபணம் ஒருநாளும் கிட்டாது என்பதேயாகும். கேட்பதற்கு அற்பமான செய்தி; ஆனால் முழு வழக்கும் இதன்மேல்தான் நிற்கின்றது.

லூக்கஸின் வாதம்

ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தத்துவ அறிஞர் ஜே. ஆர். லூக்கஸ், 1961ஆம் ஆண்டில் இத்தேற்றத்தை மனத்திற்குச் சார்பாக எடுத்துரைத்தார். எந்தக் கணிப்பொறியும் ஒரு முறைமையே. அதற்குரிய கோடெல் வாக்கியத்தை அது நிரூபிக்க மாட்டாது. மனிதனோ வெளியே நின்று பார்த்து, அவ்வாக்கியம் உண்மை என்று காண்கின்றான். எனவே எந்த இயந்திரமும் மனித மனத்திற்கு ஈடாகாது என்பது அவர் முடிவு. இயற்பியல் அறிஞர் ராஜர் பென்ரோஸ் 1989, 1994 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட நூல்களில் இவ்வாதத்தை விரித்து, மூளையில் கணிப்பொறியால் பின்பற்ற இயலாத பௌதிக நிகழ்ச்சி இருத்தல் வேண்டும் என்றும் கூறினார். பின்னர் 2020இல் அவர் பெற்ற நோபெல் பரிசு கருந்துளைகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக, இக்கருத்திற்காக அன்று.

வாதம் கவர்ச்சியானது. ஆனால் அதில் ஒரு சொல் விடுபட்டுள்ளது. முறைமை முரணற்றது 'ஆயின்' வாக்கியம் உண்மை என்பதுதான் தேற்றம். அந்த 'ஆயின்' நீங்கினால் தேற்றமே இல்லை. அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஹிலாரி புட்னம் இவ்வாதத்தின் முந்தைய வடிவத்திற்கு 1960லேயே இவ்விடையைக் கூறியிருந்தார். 'முரணற்றதாயின் உண்மை' என்ற நிபந்தனைக் கூற்றை மனிதன் நிரூபிக்கின்றான், இயந்திரமும் நிரூபிக்கின்றது. நிபந்தனையை நீக்கி, 'உண்மை' என்று மட்டும் சொல்லுதற்கு இயந்திரத்தால் இயலாது. மனிதனால் இயலுமோ என்பதே கேள்வி.

இயந்திரமும் அதனை நிரூபிக்கின்றது என்பது வெறும் கற்பனையன்று. சென்னை ஐ.ஐ.டி.யில் மின்பொறியியல் பயின்று, அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்திற்குச் சென்ற நடராஜன் சங்கர், கோடெலின் முதல் தேற்றத்தை, ராசர் பின்னர் வலுப்படுத்திய வடிவில், 1986ஆம் ஆண்டில் கணிப்பொறியைக் கொண்டு முழுவதும் சரிபார்த்தார். போயர், மூர் என்னும் இருவர் அமைத்த நிரூபணப் பொறி அதற்குப் பயன்பட்டது. வழியில் வேண்டிய துணைத் தேற்றங்களை வரிசைப்படுத்தித் தந்தவர் சங்கர். ஒவ்வொரு படியையும் விதிப்படி நிறைவேற்றியது பொறி. இதுபற்றிய அவருடைய நூல் 1994இல் கேம்பிரிட்ஜில் வெளிவந்தது. இரண்டாவது தேற்றத்தையும் லாரன்ஸ் பால்சன் 2013ஆம் ஆண்டளவில் மற்றொரு பொறியால் சரிபார்த்தார். இயந்திரத்தால் எட்ட முடியாததென்று காட்டுதற்கு எடுத்த தேற்றத்தின் நிரூபணமே, படிப்படியாக, இயந்திரத்தின் வழியே சென்றுவிட்டது. வழியை வகுத்தவர் மனிதரே என்று எதிர்வாதம் செய்யலாம். அதில் உண்மையும் உண்டு. எனினும் அது லூக்கஸின் வாதமன்று. நிரூபணத்தைத் தேடும் திறனைப் பற்றி அவர் பேசவில்லை. இயந்திரத்தால் ஒருபோதும் ஆகாததைப் பற்றியே பேசினார்.

மனம் முரணற்றதா?

தன் சிந்தனை முரணற்றது என்பதை மனிதன் ஐயமின்றி அறிவானாயின், லூக்கஸ் வென்றவரே. கணித வரலாறு இதற்கு இடந்தருவதாகத் தெரியவில்லை. ஜெர்மானிய அறிஞர் ஃபிரேகே, எண்கணிதம் முழுவதையும் தருக்கத்தின் அடிப்படையில் நிறுவ முயன்றார். அவர் கொண்ட அடிகோள்கள் தூய தருக்க விதிகளே என்று அவர் கருதினார். 1902ஆம் ஆண்டில், இரண்டாம் தொகுதி அச்சிலிருக்கும்போது, ரஸ்ஸல் எழுதிய ஒரு கடிதம் அவற்றில் முரண்பாடு இருப்பதைக் காட்டியது. தம்முறைமையில் 4200க்கும் நிரூபணம் உண்டு என்று ஃபிரேகே அறிந்தது அப்போதுதான்.

விதிகளுக்கு அப்பால் உண்மையை நேரே காணும் மனம் என்றால், தமிழ்நாட்டில் எவரும் முதலில் கூறும் பெயர் ஸ்ரீநிவாச ராமானுஜன். நிரூபணம் எழுதாமலே அவர் கண்ட முடிவுகளுள் மிகப் பல சரியானவை என்று பின்னோர் நிறுவியுள்ளனர். ஆயினும், சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராயிருந்த அவர் 1913இல் ஹார்டிக்கு எழுதிய கடிதங்களில் பகா எண்களைப் பற்றியும் ஒரு செய்தி இருந்தது. ஓர் எண்ணிற்குக் கீழ் எத்தனை பகா எண்கள் உள்ளன என்பதைத் தரும் சூத்திரத்தைக் கண்டதாகவும், எண் எவ்வளவு பெரிதாயினும் பிழை ஒரு சிறு எல்லையைத் தாண்டாதென்றும் அவர் கருதினார். சூத்திரம் வியப்பிற்குரியதே. பத்து லட்சத்திற்குள் உள்ள பகா எண்கள் 78,498. சூத்திரம் தருவது ஏறத்தாழ 78,527. ஆனால் பிழைக்கு எல்லை உண்டென்பது தவறு. 1914இல் லிட்டில்வுட் நிறுவிய தேற்றத்தின்படி பிழை எந்த எல்லையையும் கடந்து செல்லும்.

இதில் இயந்திரத்திற்கும் பெருமையில்லை. பகா எண்களை மதிப்பிடப் பயன்படும் மற்றொரு சூத்திரமாகிய மடக்கைத் தொகையீடு, இதுவரை எண்ணிப் பார்த்த எல்லை முழுவதும், உண்மைத் தொகையைவிடச் சற்று மிகுதியாகவே விடை தருகின்றது. எண்ணிக்கொண்டே செல்லும் கணிப்பொறி, என்றும் அவ்வாறே என்று நம்பிவிடும். ஆனால் 317 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணை எட்டுவதற்குள் இந்நிலை ஒரு முறையேனும் மாறிவிடுகின்றது என்று நிறுவப்பட்டுள்ளது. எண்ணி எண்ணி அங்குச் சென்று சேருதல் எந்தப் பொறிக்கும் ஆகாது. உள்ளுணர்வும் தவறியது, அட்டவணையும் தவறியது, திருத்தியது நிரூபணம்.

மனிதப் பிழை தற்செயலானது, அதனை மனிதன் உணர்ந்து திருத்திக்கொள்கின்றான் என்று லூக்கஸ் விடையிறுத்தார். திருத்திக்கொள்கின்றான் என்பது உண்மையே. ஆனால் தவறி, பின் திருத்திக்கொள்ளுமாறு இயந்திரத்தையும் அமைக்கலாம். 1947இல் லண்டனில் ஆற்றிய உரையொன்றில் ஆலன் டூரிங் இதனையே சுட்டினார்: பிழையே செய்யாத இயந்திரத்திற்குத்தான் இத்தேற்றங்கள் எல்லை வகுக்கின்றன, மனிதனிடம் எதிர்பார்க்காத பிழையின்மையை இயந்திரத்திடம் மட்டும் எதிர்பார்ப்பது நியாயமன்று என்பது அவர் கருத்து.

இதனால் மனம் இயந்திரமே என்று முடிவாகிவிட்டதாகக் கொள்ளலாகாது. அவ்வாறு கூறுவோரும் தேற்றத்தில் இல்லாததையே கூறுகின்றனர். கோடெல் தாமே 1951ஆம் ஆண்டில் அமெரிக்கக் கணிதக் கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவில், தம் தேற்றங்களிலிருந்து பெறத்தக்கது 'இது அல்லது அது' என்னும் முடிவே என்றார். மனித மனத்தின் கணித ஆற்றல் எந்த இயந்திரத்தையும் கடந்து நிற்க வேண்டும். அன்றேல், மனிதனால் என்றுமே விடைகாண இயலாத எண்கணித வினாக்கள் இருத்தல் வேண்டும். இரண்டில் முதலாவதையே அவர் உள்ளம் விரும்பியது; ஆயினும் அதனைத் தேற்றம் என்று அவர் கூறவில்லை. தாம் கண்ட தேற்றத்தின் எல்லையை அவரைவிட நன்கறிந்தவர் எவருமிலர். 1967இல் பால் பெனசெராஃப் வேறொரு வழியையும் காட்டினார். மனிதன் ஓர் இயந்திரமாகவே இருக்கலாம். ஆனால் எந்த இயந்திரம் என்பதை அவனால் அறிய இயலாது. அறிய இயலாததால் தன் கோடெல் வாக்கியத்தை எழுதவும் அவனால் இயலாது.

வகுப்பில் இதனைத் தொடங்க விரும்பும் ஆசிரியர், மேலே தந்த மூன்று இலக்கங்களையே பயன்படுத்தலாம். 24 என்ற எண் எதனைக் குறிக்கும் என்று கேட்டால், 2³ × 3 என்று பிரித்து, 'அ0' என மாணவர் கூறுவர். 12 என்பது '= 0' ஆகிறது; குறிகள் உண்டு, வாக்கியமில்லை. 14 என்பதில் 3, 5 ஆகிய இரண்டும் விடுபட்டிருப்பதால் அது எக்குறித் தொடருக்கும் உரியதன்று. இறுதியில் 22,63,800 என்ற எண்ணைக் கரும்பலகையில் எழுதி, அது எவ்வாக்கியம் என்றும், அது உண்மையா பொய்யா என்றும் கேட்கலாம். பதினொன்று வரையுள்ள பகா எண்கள் அதற்குப் போதும்.