கேட்கிற நாளிலிருந்துதான் கணக்கு

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. உன் கடிதம் கிடைத்தது. அடுத்த செமஸ்டருக்குப் பணம் கட்ட வழியில்லை, அப்பாவிடம் கேட்கலாமா, கேட்டால் அம்மா மனசு கஷ்டப்படுமே, ஊர் என்ன பேசும் என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். கடைசி வரியில், 'அவர் உங்கள் தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள்' என்றும் எழுதியிருக்கிறாய். அதற்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அவன் என் கூடப்பிறந்தவன்தான். அதனால் அவன் வைத்த பாக்கி இல்லையென்று ஆகிவிடாது. ஓய்வு பெறும்வரை கோர்ட்டில் இந்த மாதிரி வழக்குக் கட்டுகளைத் தூக்கித் தூக்கி வைத்தவள் நான். தெரிந்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

நீ புதிதாக எதையும் தொடங்கவில்லை. உனக்கு ஏழு வயதாக இருந்தபோதே உன் அம்மா ஜீவனாம்சத்துக்கு மனுப்போட்டு உத்தரவு வாங்கிவிட்டாள். உனக்கு மாதம் 2,000 ரூபாய், உன் தம்பிக்கு 2,000. உன் அப்பன் சில மாதம் கட்டினான், அப்புறம் ஊரைவிட்டே போனான். அம்மாவும் தையல் மெஷினே கதி என்று உட்கார்ந்தவள், அந்தக் காகிதத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த உத்தரவு இன்றைக்கும் செல்லும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவில் போட்டது அது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டம் போய் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்திருக்கிறது, அதில் இது 144-ஆவது பிரிவு. பிரிவின் எண் மாறியதே தவிர உத்தரவு காலாவதியாகவில்லை.

ஆனால் ஒரு கெடு இருக்கிறது, அதற்காகத்தான் கடிதம் கண்டவுடன் எழுதுகிறேன். பாக்கிக்காக வாரண்ட் கேட்டால், ஒவ்வொரு மாதத் தொகையையும் அது கட்டவேண்டிய நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் கேட்டிருக்க வேண்டும். போன ஆவணியில் உனக்குப் பதினெட்டு முடிந்தது. அந்த உத்தரவின்படி உன் பங்கு அதோடு நின்றுவிட்டது. இப்போது கார்த்திகை. இன்று மனுப்போட்டால் உன் கணக்கில் ஒன்பது மாதம் கிடைக்கும், அடுத்த மாதம் போட்டால் எட்டு. தம்பிக்குப் பன்னிரண்டு மாதம் முழுசாக இருக்கிறது. இரண்டும் சேர்ந்து 42,000 ரூபாய். அதற்கு முந்தைய வருஷங்களின் பாக்கி அடியோடு போய்விட்டதா என்றால், இல்லை. 2013-இல் பூங்கொடி என்ற பெண் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொன்னது. ஒரு வருஷக் கெடு வாரண்ட் வழியை மட்டுமே அடைக்கிறது, பணத்துக்கான உரிமையை அழிப்பதில்லை, அதற்கு சிவில் வழக்குப் போடலாம் என்பது தீர்ப்பு. அந்த வழி நீளமானது. அதில் எத்தனை வருஷத்தைக் கேட்க முடியும் என்பதை வக்கீலிடம் கேட்டுக்கொள். வாரண்ட் மனு அதுவரை காத்திருக்க வேண்டாம்.

இனி உன் படிப்புக்கு வருகிறேன். பதினெட்டு முடிந்தால் அப்பனுக்குப் பொறுப்பு முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதே. 1956-ஆம் வருஷத்து இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு, தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாத மணமாகாத மகளை அப்பா காப்பாற்ற வேண்டும் என்கிறது. சோறு, துணி, வீடு, வைத்தியத்தோடு படிப்புச் செலவையும் அந்தச் சட்டம் ஜீவனாம்சம் என்றே சொல்கிறது. 2020-இல் உச்ச நீதிமன்றமும் இந்த உரிமையை உறுதி செய்தது. இதற்கு நீ உன் பெயரில் தனியாகக் கேட்க வேண்டும். குடும்பநல நீதிமன்றம் இதையும் விசாரிக்கும். தம்பிக்குப் பதினெட்டு முடிய இன்னும் நாலு வருஷம் இருக்கிறது. அந்தக் காலத்து 2,000 இன்றைக்கு அவன் பள்ளிக்கூட வேன் வாடகைக்குக்கூடக் காணாது, தொகையைக் கூட்டிக் கேட்க 146-ஆவது பிரிவு இருக்கிறது.

2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன இரண்டு விஷயம் உனக்கு முக்கியம். ஒன்று, ஜீவனாம்சம் மனுப்போட்ட தேதியிலிருந்து கொடுக்கப்பட வேண்டும். தீர்ப்பு வர எத்தனை வாய்தா ஆனாலும் கணக்கு நீ கேட்ட நாளில் தொடங்கிவிடும், கேட்காமல் விட்ட மாதங்களுக்குத்தான் கணக்கே இல்லை. இரண்டு, இரு தரப்பும் வருமானத்தையும் சொத்தையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். ஆகவே அம்மாவின் தையல் வருமானத்தை உள்ளபடி எழுதுங்கள். ஒரு ரூபாயை மறைத்தாலும் எதிர்த்தரப்பு வக்கீல் அதையே பிடித்துக்கொள்வார்.

உன் அப்பன் என்ன சொல்வான் என்பதும் எனக்குத் தெரியும். 'நிலையான வருமானம் இல்லை' என்பான். உடம்பில் தெம்புள்ளவன் கூலி வேலை செய்தாவது குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 'எனக்கு இங்கே வேறு குடும்பம் இருக்கிறது' என்பான். அந்தப் பிள்ளைகளும் பசிக்கிற பிள்ளைகள்தான், தொகையை முடிவு செய்யும்போது நீதிபதி அதையும் பார்ப்பார். அதற்காக உங்கள் இருவர் பெயரை அடித்துவிட மாட்டார். சொந்தமாக டெம்போ ஓட்டுகிறான். வண்டி எண், திருப்பூர் வீட்டு விலாசம், எந்த பனியன் கம்பெனிக்குச் சரக்கு ஏற்றுகிறான் என்ற விவரம் எல்லாம் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். சம்மன் சார்வு ஆகாமல் திரும்புவதுதான் இப்படிப்பட்ட வழக்குகளில் பெரிய தலைவலி. அது உனக்கு வேண்டாம். நீங்கள் இருக்கும் மதுரையிலேயே மனுப்போடலாம், திருப்பூருக்கு அலைய வேண்டியதில்லை. சம்மனை வாங்காமல் வேண்டுமென்றே ஒளிந்தால் எக்ஸ்பார்ட்டி உத்தரவு போட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

பணம் கட்டாவிட்டால் ஜப்தி, அதற்கும் மசியாவிட்டால் ஜெயில். பாக்கி வைத்த ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை உள்ளே வைக்கலாம். ஜெயிலுக்குப் போய் வந்தாலும் பாக்கி கழியாது என்பது 1989-லேயே முடிவான விஷயம். வாரண்டோடு போலீஸ் வாசலில் நிற்கும்போதுதான் பல பேருக்குப் பணம் பிறக்கும். அப்போது பாதியைக் கையில் திணித்து, 'எல்லாம் தீர்ந்தது' என்று எழுதி வாங்கப் பார்ப்பார்கள். கையில் வாங்காதே, பேங்க் கணக்கில் போடச் சொல். லோக் அதாலத்துக்குப் போனால் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே. அங்கே எழுதிக்கொண்டதற்கு அப்பீல் கிடையாது.

அம்மா விஷயம். 'அந்த ஆள் காசு நமக்கு வேண்டாம்' என்கிறாள் அல்லவா, அந்த ரோஷத்தில்தான் உங்கள் இருவரையும் வளர்த்தாள். அதைக் குறைத்துப் பேசாதே. ஆனால் அவள் வேண்டாம் என்று சொல்லக்கூடியது அவளுடைய பங்கைத்தான். பிள்ளைகளின் ஜீவனாம்சம் பிள்ளைகளுடையது, தாயே விட்டுக்கொடுத்தாலும் நீதிமன்றம் அதை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. தம்பி மைனர் என்பதால் அவன் மனுவில் அம்மாதான் கையெழுத்துப் போட வேண்டும். அவளை மீறிப் போகாதே, உட்கார வைத்துப் பேசு. என் பெயரைச் சொல்லிப் பேசினாலும் சரி.

அப்பனைக் கோர்ட்டுக்கு இழுத்தவளுக்கு மாப்பிள்ளை கிடைக்குமா என்று கேட்க நம் சொந்தத்திலேயே ஆள் இருக்கிறது. அந்த ஆட்களில் ஒருவரும் உனக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கித் தந்ததில்லை. அவர்களுக்கு நீ பதில் சொல்ல வேண்டாம், நான் சொல்லிக்கொள்கிறேன்.

'ஏன் விட்டுட்டுப் போனார்னு ஒரு தடவை கேட்கணும் அத்தை' என்று எழுதியிருந்தாய். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதைக் கோர்ட் வாசலுக்குக் கொண்டுபோகாதே. நீதிபதி பணத்துக்கு உத்தரவு போடுவார், பாசத்துக்குப் போட மாட்டார். அங்கே அவன் உன்னைப் பார்த்து அழலாம், முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் செய்யலாம். இரண்டுக்காகவும் மனுவை வாபஸ் வாங்காதே. பிள்ளையைப் பார்க்க விட்டால்தான் பணம் தருவேன் என்று பேரம் பேசினாலும் கேட்காதே. அவனோடு பேசுவதா வேண்டாமா என்பதை, உன் படிப்புக்குப் பணம் வரத் தொடங்கிய பிறகு நிதானமாக முடிவு செய்யலாம்.

வரும் திங்கள்கிழமை அம்மாவோடு மதுரை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போ. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அங்கே வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். சந்தேகம் இருந்தால் 15100-க்குப் போன் பண்ணிக் கேள். பழைய உத்தரவின் சான்று நகல், உங்கள் பிறப்புச் சான்றிதழ், ஆதார், கல்லூரி, பள்ளிக்கூட ரசீதுகள், அவன் பணம் வரவில்லை என்று காட்ட அம்மாவின் பேங்க் பாஸ்புக், நான் அனுப்பியிருக்கும் தாள், எல்லாவற்றையும் இரண்டு நகல் எடுத்துக்கொள். உத்தரவு கிடைக்கவில்லை என்றால் வழக்கு எண்ணைச் சொல்லி நகல் பிரிவில் மனுக்கொடு. அவன் இருக்கும் இடம் பற்றிச் சாட்சி வேண்டுமென்றால் நான் கூண்டில் ஏறுகிறேன்.

மனுவுக்கு நம்பர் விழுந்ததும் போன் பண்ணு.

அன்புடன்,
அத்தை