தர்ம காரியத்துக்கு ஏலம் விடுவது எப்படி?

வணிகப் பெருமக்களே, ஏலம் நமக்குப் புதிதல்ல. ஈரோட்டில் மஞ்சளும் போடியில் ஏலக்காயும் ஏலத்தில்தான் கைமாறுகின்றன. அங்கே வாங்குபவரின் திறமை, குறைந்த விலைக்கு எடுப்பதில் இருக்கிறது. தர்ம காரியத்துக்கு விடும் ஏலம் இதற்கு நேர்மாறானது. அங்கே கூடுதலாகக் கொடுத்தவர்தான் பெருமைப்படுகிறார். இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு நடத்தும் ஏலத்தில் பணம் சேராது.

சங்க ஆண்டு விழாவில் 25 கிலோ அரிசி மூட்டையை ஏலத்துக்கு வைத்தால் என்ன ஆகும்? அதன் விலை நம் எல்லோருக்கும் ரூபாய் சுத்தமாகத் தெரியும். கடை விலையைத் தாண்டிக் கேட்க யாருக்கும் மனம் வராது. குறைந்த விலைக்குப் போனால் மூட்டையைக் கொடுத்தவருக்கும் மனத்தாங்கல். ஆகவே கடையில் விலை போட்டு விற்க முடியாத ஒன்றை ஏலத்தில் வைக்க வேண்டும் என்பதே முதல் பாடம்.

ஹைதராபாத்தை அடுத்த பாலாப்பூரில், விநாயகர் கையில் வைத்த 21 கிலோ லட்டு 1994-ல் 450 ரூபாய்க்கு ஏலம் போனது. 2025-ல் அது 35 லட்சம் ரூபாய்க்குப் போயிற்று. அந்தப் பணம் ஊர் நலப் பணிகளுக்குச் செலவாகிறது. சிங்கப்பூரில் சீன வணிகர்கள் ஏழாம் மாத விருந்தில் அலங்கரித்த கரியைக் ‘கறுப்புத் தங்கம்’ என்று பெயரிட்டு ஏலம் விடுகிறார்கள். அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட், தம்முடன் ஒருவேளை மதிய உணவு உண்ணும் வாய்ப்பை 2000 முதல் ஏழை எளியோருக்கு உதவும் கிளைடு என்ற அமைப்புக்காக ஏலத்துக்குத் தந்தார். 2022-ல் நடந்த ஏலத்தில் அது 190 லட்சம் டாலருக்குப் போனது. லட்டிலும் கரியிலும் சாப்பாட்டிலும் அந்த விலை இல்லை. நம்பிக்கை, ராசி, அனுபவசாலியின் நேரம் ஆகியவற்றுக்குத்தான் அந்த விலை.

நம் சங்கங்கள் எதை ஏலத்தில் வைக்கலாம்?

1. அனுபவம்: மூத்த மொத்த வியாபாரி ஒருவர், ஏலம் எடுத்தவர் கடையில் ஒரு நாள் உட்கார்ந்து சரக்கு இருப்பையும் கடன் பாக்கியையும் பார்த்து யோசனை சொல்லலாம். புதிதாகக் கடை வைத்தவருக்கு இது பெரிய லாபம்.

2. உழைப்பு: ஆடிட்டரின் அரை நாள், பெயர்ப் பலகை எழுதித் தருதல், ஒரு நாள் டெம்போ ஓட்டம். கொடுப்பவருக்குச் செலவு குறைவு.

3. முதல் சரக்கு: அந்தப் பருவத்தின் முதல் மாம்பழக் கூடை, முதல் வெல்லச் சிப்பம்.

4. பழம்பொருள்: மூன்று தலைமுறை கண்ட பித்தளைப் படி, கல்லாப்பெட்டி, தராசு.

5. உரிமை: ஆண்டு மலரின் முதல் பக்க விளம்பரம்.

பெரிய வியாபாரிகள் நாலு பேர் மட்டும் குரல் கொடுத்து, சிறு மளிகைக்காரர்கள் வேடிக்கை பார்க்கும் ஏலம் நல்ல ஏலம் அல்ல. இதற்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, ஒரு தெருக் கடைக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து தெருவின் பெயரில் கேட்க அனுமதிப்பது. இரண்டு, எழுத்து ஏலம். பொருளின் அருகே ஒரு தாள் வைத்துவிட்டால், வருபவர்கள் பெயரையும் தொகையையும் எழுதிச் செல்வார்கள். சாப்பாடு முடியும் நேரத்தில் தாளை மூடிவிட வேண்டும். சபையில் பேசக் கூச்சப்படுபவரும் இதில் கலந்துகொள்வார். மூன்று, பொருளே இல்லாத அழைப்பு. “ஏழை மாணவர்களுக்கு நோட்டுப் புத்தகம், பத்தாயிரம் தருபவர் யார்?” என்று தொடங்கி, ஐயாயிரம், ஆயிரம் என்று இருநூறு வரை இறங்கி வர வேண்டும். அவரவர் சக்திக்கு ஏற்ற இடத்தில் கை தூக்குவார்கள்.

எட்டு, பத்து இனங்களுக்கு மேல் வேண்டாம். நன்றியுரைக்குப் பின் ஏலம் வைத்தால் பாதிக் கூட்டம் பேருந்து பிடிக்கப் போய்விடும். எதற்காகப் பணம், எவ்வளவு தேவை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். யாரையும் பெயர் சொல்லி அழைத்து, “அண்ணாச்சி, இன்னும் ஆயிரம் ஏற்றுங்கள்” என்று நெருக்கக் கூடாது. சபைக்குப் பயந்து கேட்ட தொகை வசூலாகாது. வசூலாகாத ஏலத்தால் சங்கத்துக்குப் பகைதான் மிஞ்சும். ஏழு நாட்களுக்குள் பணம் கட்ட வேண்டும், இல்லையேல் அடுத்த தொகை கேட்டவருக்குப் பொருள் என்று முன்கூட்டியே அறிவித்துவிடலாம்.

சட்டத்தையும் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை உள்ளது. ஆகவே கூப்பன் விற்றுக் குலுக்கல் நடத்தும் யோசனையைத் தவிர்த்துவிடுவோம். வரிக்கழிவு உள்ள அறக்கட்டளைக்குக் கொடுத்தாலும், 2000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடைக்குக் கழிவு கிடையாது. காசோலையாகவோ வங்கி வழியாகவோ பெற்று ரசீது கொடுப்பதே முறை.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். எந்தப் பொருள் எவ்வளவுக்குப் போனது, வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்ற கணக்கை அடுத்த மாத இதழில் அச்சிட்டுவிடுவோம். இந்த ஆண்டுக் கணக்கைப் பார்த்துத்தான் அடுத்த ஆண்டு கைகள் உயரும்.