அகான் பாஷையில் அழுத்தம்

கேள்வி: கானா தேசத்து அகான் பாஷையில் வாக்கியத்தின் ஒரு சொல்லை மட்டும் விசேஷமாக அழுத்திக் கூறுவது எவ்வாறு?

பதில்: த்வி, ஃபான்டி முதலிய கிளைகளையுடைய அகான் பாஷையில், எழுவாய் முதலிலும் வினை நடுவிலும் செயப்படுபொருள் இறுதியிலுமாக அமைவதே சாதாரண வாக்கியக் கிரமமாதலால், அமா என்பவள் புத்தகம் வாங்கிய செய்தியை த்வியில் "அமா தோ ந்வோமா" என்பார்கள். வாங்கியது புத்தகமேயன்றி வேறன்று என்று வலியுறுத்த நேர்ந்தால், குரலை உயர்த்துவதோடு நின்றுவிடாமல், அச்சொல்லையே வாக்கியத்தின் தலைக்குக் கொணர்ந்து, அதன் பின் "ந" என்னும் இடைச்சொல்லை நிறுத்தி, "ந்வோமா ந அமா தோயெ" என்று வாக்கியம் முழுவதையும் புதிதாக நிர்மாணிக்கிறார்கள். பெயர்ந்த சொல் ஒன்றேயாயினும், ஈற்றில் நின்ற வினையின் வடிவமும் அதனோடு மாறியிருப்பதைக் கவனிக்க வேண்டும்.

எழுவாயை அழுத்தும் முறையே எனக்கு மிகவும் அழகாகப்படுகிறது. எழுவாய் முன்னரே தலையில் இருப்பதால் அதைப் பெயர்க்க இடமில்லை. ஆகவே "ந" சேர்த்து, "கோஃபி ந ஓபயெ" என்கிறார்கள்; இதில் வினையின் முன்னொட்டாக "அவன்" எனப் பொருள்படும் "ஓ" தோன்றி, வினைக்குரிய எழுவாயின் ஸ்தானத்தை நிரப்புகிறது. கோஃபிதான் வந்தான் என்பது கருத்து. வந்தவர் யார் என்னும் வினாவும் "ஹெனா ந ஓபயெ?" என இதே அச்சில் வார்க்கப்படுவதால், விடையளிப்பவர் வினாச்சொல் இருந்த இடத்தில் பெயரை வைத்தாலே போதும்.