விரைவுப் படகுகளில் பொறியின் இடமும் உடலின் அளவும்

முன்னுரை

நீரில் இயங்கும் கலங்களுக்குத் தமிழில் வழங்கும் பெயர்கள் பல. புணை, தெப்பம், பரிசில், ஓடம், அம்பி, தோணி, திமில், வங்கம், நாவாய் என விரியும் இவை வெறும் சொல்லடுக்கு அல்ல. ஆற்றைக் கடப்பது வேறு. மீன் பிடிப்பது வேறு. கடல் கடந்து வாணிகம் செய்வது வேறு. நீருக்கும் வினைக்கும் ஏற்பக் கலமும் வேறுபட வேண்டும் என்னும் தெளிவு இப்பெயர்களில் அடங்கியுள்ளது. பொறி பூட்டிய இக்கால விரைவுப் படகுகளுக்கும் இவ்வுண்மை பொருந்தும். பொறியை எங்கே வைப்பது, உடலை எவ்வளவு நீளமாக அமைப்பது என்னும் இரு வினாக்களே அவற்றின் அடிப்படையாகும்.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே திருவரங்கமும், காவிரியின் தென்கரையில் திருச்சிராப்பள்ளியும் அமைந்துள்ளன. 2005 நவம்பரில் இந்நகர் வெள்ளத்தால் சூழப்பட்டது. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. ஆதலின் இவ்வூரார்க்குப் படகியல் ஏட்டுக்கல்வி மட்டுமன்று. உயிர் காக்கும் கல்வியுமாகும்.

நீளமும் வேகமும்

படகு நீரை விலக்கிக்கொண்டு செல்லும்போது முன்னே ஓர் அலையும் பின்னே ஓர் அலையும் எழுகின்றன. வேகம் கூடக்கூட இவ்விரு அலைகளுக்கு இடைப்பட்ட தொலைவும் கூடும். அது படகின் நீளத்தை எட்டியதும், தானே எழுப்பிய அலையின் பள்ளத்தில் படகு சிக்கிக்கொள்கிறது. அதற்குமேல் எவ்வளவு விசை கொடுத்தாலும் பயன் சிறிதே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலப் பொறியாளர் வில்லியம் ஃபுரூட் மாதிரிக் கலங்களை நீர்த்தொட்டியில் இழுத்து இத்தகைய தொடர்புகளை ஆராய்ந்தார்.

இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால், மணிக்கு எத்தனை கடல் மைல் என்னும் எல்லை வேகம் கிடைக்கும். 16 அடிப் படகுக்கு இது ஏறத்தாழ 5.4, அதாவது மணிக்கு 10 கிலோமீட்டர். 36 அடிப் படகுக்கு 8. அதாவது சுமார் 15 கிலோமீட்டர். நீளம் இரண்டேகால் மடங்காகியும் வேகம் ஒன்றரை மடங்கே ஆயிற்று.

இவ்வெல்லையை மீற ஒரு முக்கிய வழி, நீரை உழுது செல்லாமல் நீரின் மேல் எழும்பி வழுக்கிச் செல்வதாகும். தட்டையான ஓட்டாஞ்சில்லைச் சாய்வாக எறிந்தால் அது ஆற்றுநீரின்மேல் துள்ளிச் செல்வதை யாவரும் கண்டிருப்போம். விரைவுப் படகின் அடிப்பகுதியும் அவ்வாறே நீரால் மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. இந்நிலையில் வேகத்தைத் தீர்மானிப்பவை எடையும் பொறியின் ஆற்றலும் அடிப்பகுதியின் வடிவமுமே. தட்டையான அடி விரைவில் எழும்பும். ஆழம் குறைந்த நீரிலும் செல்லும். ஆனால் அலையில் ஓங்கி அறையும். கூரிய அடி அலையைப் பிளந்து செல்லும். எழும்புவதற்கு மிகுந்த ஆற்றல் வேண்டும்.

பொறியின் நான்கு நிலைகள்

முதலாவது, உள்பொறி. பொறி படகின் நடுவில் தாழ அமர, நீண்ட தண்டு அடிப்பகுதியைத் துளைத்து வெளியே சென்று விசிறியைச் சுழற்றும். நம் கடற்கரை விசைப்படகுகள் இவ்வகையின. எடை நடுவில் அமைவதால் நிலைப்பு மிகுதி. ஆயின் விசிறியும் சுக்கானும் படகின் அடியில் இருப்பதால் ஆழமான நீர் தேவை.

இரண்டாவது, பொறி உள்ளேயும் விசிறிப்பகுதி பின்புறத்தில் வெளியேயும் அமைவது. 1959-இல் வோல்வோ பென்டா நிறுவனம் இதனைப் பரவலாக அறிமுகப்படுத்தியது. வெளிப்பகுதியை மேலே தூக்கலாம். எனினும் எடை பின்புறம் சேர்கிறது.

மூன்றாவது, முழுவதும் வெளியே மாட்டப்படும் வெளிப்பொறி. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஓலே எவின்ரூட் 1909-இல் இதனை விற்பனைக்குக் கொண்டுவந்தார். கழற்றலாம், பூட்டலாம், சாய்த்துத் தூக்கலாம். படகின் உட்பரப்பு முழுவதும் ஆட்களுக்கே பயன்படும்.

நான்காவது, நீர்த்தாரைப் பொறி. அடியில் நீரை உறிஞ்சிப் பின்புறம் பீய்ச்சுவதால் படகு முன்னேறுகிறது. நியூசிலாந்தின் ஆழமற்ற ஆறுகளுக்காக வில்லியம் ஆமில்டன் 1950-களில் இதனைச் செம்மைப்படுத்தினார். அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் விசிறி இல்லாமையால் நீரில் இருப்போர்க்குக் காயம் நேரும் அச்சம் குறைவு. ஆனால் மணலும் ஆகாயத்தாமரையும் உறிஞ்சுவாயை அடைத்துவிடக் கூடும்.

நம் நாட்டு நீரில் நான்கு காட்சிகள்

2018 நவம்பரில் விசயவாடாவில் கிருட்டிணை ஆற்றில் ஃபார்முலா 1 உலகப் படகுப் பந்தயம் நடைபெற்றது. அப்படகுகள் ஏறத்தாழ 6 மீட்டர் நீளமும் அரை டன் அளவே எடையும் உடையவை. பின்னே ஒரே வெளிப்பொறி. கீழே இரட்டை உடல். இரு உடல்களுக்கும் இடையே புகும் காற்றும் படகைத் தூக்குவதால் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் பாய்கின்றன. இவ்விரட்டை உடல் வடிவத்துக்கு உலகம் வழங்கும் ‘கட்டமரான்’ என்னும் பெயர் நம் ‘கட்டுமரம்’ என்னும் சொல்லே. சொல் நம்முடையது, வடிவமோ பசிபிக் தீவினருடையது. நம் கட்டுமரத்தில் மரங்கள் இடைவெளியின்றிப் பிணைக்கப்படும்.

2017 மார்ச்சில் மும்பைக் கடலில் நடந்த பந்தயத்திலோ கூரிய அடியுடைய ஒற்றை உடல் படகுகளே ஓடின. ஆற்றின் அமைதியில் வெல்லும் இலேசான இரட்டை உடல் கடலலையில் கவிழக்கூடும்.

காட்டுப்பள்ளி முதலிய தளங்களில் லார்சன் அண்டு டூப்ரோ நிறுவனம் கடலோரக் காவற்படைக்குக் கட்டிய இடைமறிப்புப் படகுகள் சுமார் 28 மீட்டர் நீளமானவை. இரட்டை டீசல் பொறியும் நீர்த்தாரையும் கொண்டு மணிக்கு 45 கடல் மைல், அதாவது 83 கிலோமீட்டர் வேகம் எய்துகின்றன. ஒன்று பழுதானாலும் மற்றொன்று கரை சேர்க்கும் என்பது இரட்டைப் பொறியின் சிறப்பு.

1977-இல் எட்மண்டு இல்லாரி சிறிய நீர்த்தாரைப் படகுகளில் கங்கையின் கழிமுகத்திலிருந்து நீரோட்டத்தை எதிர்த்து இமயமலை வரை சென்றார். நந்தப்பிரயாகைக்கு அருகில் அருவி ஒன்றே அவர்களைத் தடுத்தது. மணல் திட்டும் பாறையும் நிறைந்த ஆற்றில் நீர்த்தாரை எவ்வளவு உதவும் என்பதற்கு இது நற்சான்று.

கொள்ளிடத்துக்கு ஏற்றது எது?

மேற்கூறிய கணக்கை ஈண்டு நினைவுகூர்வோம். வெள்ளம் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோம். நீரின் மேல் எழும்ப இயலாத 16 அடிப் படகு, தன் முழு வேகத்தில் எதிர்த்தாலும் நின்ற இடத்திலேயே நிற்கும்! ஆகவே விரைவு என்பது இங்கே ஆடம்பரமன்று; முன்னேறுவதற்கே இன்றியமையாதது. வெறும் படகாக இருக்கும்போது எழும்பிச் செல்வது, பத்துப்பேரை ஏற்றியதும் எழும்பாது போகலாம். ஆபத்து அங்கேதான் உள்ளது.

2018-இல் கேரள வெள்ளத்தின்போது மீனவர்கள் தம் படகுகளைச் சரக்குந்துகளில் ஏற்றிச் சென்று ஆயிரக்கணக்கானோரை மீட்டனர். இலேசான உடலும் வெளிப்பொறியும் அமைந்திருந்தமையே அப்படகுகளை எளிதில் ஏற்றவும், ஆழமற்ற நீரில் பொறியைத் தூக்கிக்கொண்டு செல்லவும் துணைநின்றது. மணற்பாங்கான கொள்ளிடத்துக்கும் தட்டையான அடி, அகன்ற உடல், காப்பு வளையம் பூட்டிய விசிறியுடைய வெளிப்பொறி ஆகியவை பொருந்துவன. ஒரு பெரும்பொறியைவிட இரு சிறுபொறிகள் மேலும் பாதுகாப்பானவை.

முடிவுரை

பொறி பெரிதாயின் படகு சிறக்கும் என்பது பொதுவான எண்ணம். நீரையும் சுமையையும் அறியாமல் பொறியையும் உடலையும் தேர்ந்தெடுத்தல் பயன் தராது என்பதே இவ்வொப்பீடு காட்டும் உண்மை. ஊர்ப்பெரியோர் பொதுநிதி திரட்டி மீட்புப் படகு வாங்க முன்வரும்போது, “எத்தனை குதிரைத்திறன்?” என்று கேட்பதோடு அமையலாகாது. “எத்தனை பேரை ஏற்றிய பின்னும் நீரின் மேல் எழும்பும்? எவ்வளவு ஆழம் வேண்டும்? ஒரு பொறி நின்றால் கரை சேர வழி என்ன?” என்னும் மூன்று வினாக்களையும் கேட்க வேண்டும். அவ்வினாக்களுக்கு விடை கணிக்கும் அறிவை மாணவர்கள் பெறுவார்களாயின், அடுத்த வெள்ளத்தில் அவ்வறிவே கரை சேர்க்கும் கலமாகும்.