தோம்பும் குடிவழியும்

தங்குடிவழியை ஆராயப் புகுவார் பெயரை மாத்திரம் பற்றிச் செல்வாராயின், மூன்றாந் தலைமுறையிலே வழிதப்புவர். யாழ்ப்பாணத்தார்க்குக் குடும்பப்பெயரில்லை, தந்தைபெயர் தலைமுறைதோறும் மாறும். ஆதலாற் காணிப்பெயரைப் பற்றுக. பழைய உறுதிகளிலே காணிப்பெயரும், பரப்பும், அது முதுசமாகவோ சீதனமாகவோ வந்த முறையும் எழுதப்பட்டிருக்கும். இலங்கையிற் பிறப்பிறப்புப் பதிவு 1867 இலே தொடங்கிற்று. அதற்கு முந்தியோரை உறுதியும் தோம்புமே காட்டும்.

தோம்பென்பது, 1658 முதல் யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தர் காணியையும் குடிகளையும் எழுதுவித்த பதிவேடு. அதிலே தம் முன்னோர் பிலிப்பு என்றும் தொம்மை என்றும் நிற்கக் கண்ட சைவர் சிலர், நாணி அவரைக் கொடிவழியினின்றும் நீக்கிவிடுகின்றனர். அது பெரும் பிழை. அந்நாளிலே ஞானஸ்நானமின்றி உத்தியோகம் பெறுதலும், விவாகத்தைப் பதிவித்தலும் அரிது. அவரை நீக்கின், அவர் காத்த காணி நமக்கு எவ்வாறு வந்ததென்பது விளங்காது. இருபெயருந் தெரியுமாயின் இரண்டனையும் எழுதி, எவ்வேட்டிற் கண்டதென்பதையும் அருகே குறிக்க.