கர்ணமும் மலைச்சரிவும்

செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தை வர்க்கமூலமின்றிக் காண ஒரு வழி உண்டு. போதையனார் பாடியதாகச் சொல்லப்படும் பழஞ்செய்யுள் அதைக் கூறுகிறது: நீண்ட பக்கத்தில் எட்டில் ஒரு பங்கைக் கழித்து, குறுகிய பக்கத்தில் பாதியைக் கூட்டவேண்டும்.

பக்கங்கள் 4, 3 எனில் 4 – ½ + 1½ = 5. பக்கங்கள் 12, 5 எனில் 12 – 1½ + 2½ = 13. இரண்டும் சரியே! பிதாகரசையே வென்றோம் என்று மேடைகளில் முழங்குவோரும் உண்டு.

நண்பர்களே, சற்றுப் பொறுங்கள். போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சரிவில் ஒரு துண்டை நினைத்துக்கொள்வோம். கிடைத்தூரம் 100 அடி, ஏற்றம் 10 அடி என்க. சூத்திரப்படி சரிவின் நீளம் 100 – 12½ + 5 = 92½ அடி. சமதரையைவிடச் சரிவு குறுகியதா? ஏலக்காய் மூட்டை சுமந்து மேடேறியவர் எவரும் இதை ஒப்பார். உண்மை நீளம் ஏறத்தாழ 100½ அடி.

காரணம் என்ன? நீண்ட பக்கம் ப, குறுகியது ம என்க. சூத்திரம் தரும் நீளத்தின் வர்க்கத்தை ப² + ம² என்பதற்குச் சமன்படுத்திச் சுருக்கினால்,

48ம² – 56பம + 15ப² = 0
(4ம – 3ப)(12ம – 5ப) = 0

ஆகவே குறுகிய பக்கமும் நீண்ட பக்கமும் 3:4 அல்லது 5:12 என்னும் விகிதத்தில் இருந்தால் மட்டுமே விடை துல்லியமாகும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட விகிதங்களில் பிழை நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவே.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். வர்க்கமூலம் கற்க வாய்ப்பில்லாத என் தந்தையாரும் மனத்திலேயே போடக்கூடிய கணக்கு இது. அதுவே இதன் பெருமை. தேற்றம் என்னும் பட்டம் இதற்குத் தேவையில்லை.