ஒரு சொல்லின் வரலாறு

ஆங்கிலம் பேசுவோர் ஓர் ஆடவனைப் பேச்சுவழக்கில் 'கை' என்பர். பலரை ஒருங்கே விளிக்கையில் 'கைஸ்' என்பர். ஒலியால் நம் கையை ஒத்திருப்பினும், இஃது உறுப்பின் பெயரன்று. ஒரு மனிதனின் பெயர்.

1605 ஆம் ஆண்டு நவம்பர் 5 ஆம் நாள், முதலாம் ஜேம்ஸ் மன்னர் இலண்டனில் பாராளுமன்றத்தைத் தொடங்கிவைக்க இருந்தார். கத்தோலிக்கரை ஒடுக்கிய அவரை அவையோடு அழித்துவிடச் சிலர் சூழ்ச்சி செய்தனர். பிரபுக்கள் சபையின் அடியில் 36 பீப்பாய் வெடிமருந்தைக் காத்துநின்ற கை பாக்ஸ் என்பவன் விடியுமுன்னரே அகப்பட்டான். வதைக்கப்பட்டு, 1606 சனவரியில் கொல்லப்பட்டான்.

அவன் கதை அத்துடன் முடியவில்லை. ஆண்டுதோறும் அந்நாளில் மக்கள் தீ வளர்த்து, கந்தலும் வைக்கோலும் கொண்டு செய்த அவன் உருவை எரித்தனர். சிறுவர் அவ்வுருவைத் தெருவில் வைத்துக் காசு கேட்பர். அப்பொம்மைக்கும் 'கை' என்றே பெயர். பின்னர், கோமாளிபோல் உடுத்தியவனும் 'கை' ஆனான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் இகழ்ச்சி தேய்ந்து, எந்த ஆடவனுக்கும் அச்சொல் உரியதாயிற்று.

இன்று பெண்கள் மட்டுமே கூடிய இடத்திலும் 'கைஸ்' என்னும் விளி கேட்கிறது. அது பொதுச்சொல் என்பர் சிலர். ஆயின், தனியொரு பெண்ணைக் 'கை' என்று சுட்டுவார் அரியர். அவ்விளியில் தாம் மறைந்துபோவதாகப் பெண்கள் சிலர் வருந்துவது பொருளற்றதன்று.